வராதவருக்கு விடுப்பு இல்லை

நாற்பத்தொரு நாள் நான் கடலில் இருந்தேன். கரையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே. இதை நான் சொல்லவில்லை, நான் வேலை பார்க்கும் குடிநீர் வாரியம் சொல்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். ஆனால் அதையெல்லாம் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதுதான். கேட்டைத் தட்ட வேண்டும், நாயைக் கட்டச் சொல்ல வேண்டும், குழியின் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்க வேண்டும், கரப்பான் பூச்சிகள் ஓடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், துணியால் கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது வீடு. இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ரீடிங் வந்திருந்தால் ஆள் போயிருக்கிறான், வராவிட்டால் போகவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த ஞானத்தை வைத்துக்கொண்டே வாரியம் ஓடியது.

பிறகு யாருக்கோ சந்தேகம் வந்துவிட்டது. ரீடிங் எடுப்பவர்கள் உண்மையிலேயே தெருவில்தான் இருக்கிறார்களா? இருக்கிறார்களா என்று பார்க்க ‘இருப்பிட உதவிப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி, தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அதற்கு ஓர் இடமும் கொடுத்தார்கள். எங்கள் முப்பத்தொரு பேரையும் அந்த நிலவறைக்கு வரவழைத்து ஒரு நாள் முழுக்கப் பயிற்சி நடத்தினார்கள். பிரிவின் கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்காதீர்கள். அது புதிதாக வாங்கியது.

“இனிமே நீங்க எங்க இருக்கீங்கன்னு நீங்க சொல்ல வேண்டியதில்ல. வானம் சொல்லும்! நீங்களே மறந்தாலும் வானம் மறக்காது. இத்தனை வருஷமா நாங்க உங்களை நம்பினோம். அந்தக் கஷ்டம் இன்னையோட எங்களுக்குத் தீர்ந்தது,” என்றார்.

எங்களில் சிலர் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அந்தப் பிரிவின் தொழில்நுட்ப ஆள் விஷயத்தை விளக்கினார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும் என்பதால் எல்லோரும் அவரைத் திருப்புளி என்றே கூப்பிடுவார்கள். அவர் சொன்னது எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போன் தானாகச் செயற்கைக்கோள்களைத் தேடினால் கால் மணி நேரம் ஆகும். ‘நீ சுமாராக இந்தப் பக்கம் இருக்கிறாய், வானத்தில் இந்தத் திசையில் தேடு’ என்று முன்கூட்டியே யாராவது அதன் காதில் சொல்லிவிட்டால் சில நொடியில் கண்டுபிடித்துவிடும். அப்படிக் காதில் சொல்வதுதான் உதவி. அதற்கு வாரியத்தின் சர்வர் முகவரியையும் ஒவ்வொருவரின் உத்தேச இருப்பிடத்தையும் போனில் ஏற்ற வேண்டும்.

ஏற்றினார்கள். கையேட்டில் ஏழாவது கட்டத்தில் உத்தேச இருப்பிடம் என்று ஓர் உதாரண எண் அச்சாகியிருந்தது. அது உதாரணம் என்று திருப்புளி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “கையேட்ல என்ன போட்டிருக்கோ அதைப் போடுங்க. கையேடு மேலிடத்துலேர்ந்து வந்தது. மேலிடத்துக்குத் தெரியாத இடமா?” என்று கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியிலேயே பதில் சொல்லிவிட்டார். முப்பத்தொரு போனிலும் அந்த எண்ணை ஏற்றினார்கள். அது நடுக்கடல்.

மறுநாள் காலையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் வந்தது. ‘ஊழியர்கள் முப்பத்தொரு பேர் வேலை நேரத்தில் முன் அனுமதியின்றி ஒரே இடத்தில் கூடியிருந்தது குறித்து விளக்கம் தேவை.’ கூடிய இடம் கடல் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கூடினோம் என்பதுதான் குற்றம்.

நல்லவேளை, பயிற்சியில் வாரியம் கொடுத்த புது போன்கள் கொஞ்சம் சூட்டிகையானவை. தெருவில் இறங்கி வெயிலைப் பார்த்ததும் ஒரு வாரத்துக்குள் தாங்களாகவே சுதாரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கரை ஏறின. முப்பது பேர் ஊர் திரும்பினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். விநியோகத்தின் போது பெட்டியில் போன் தீர்ந்துபோய் எனக்குக் கிடங்கிலிருந்து ஒரு பழைய போனைத் தூசி தட்டிக் கொடுத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்கும் போன் அது. கடல் என்று காதில் சொன்னார்கள், கடலிலேயே இருந்தது. அமைப்புகளை மாற்றலாம் என்றால் கடவுச்சொல் அந்தப் பிரிவிடம்தான் இருந்தது. சொந்த போனைக் கொண்டுவரவும் கூடாதாம்.

என் மனைவி பள்ளிச் சீருடைகள் தைப்பவள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் அவளுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது. “ஏங்க, கடல்லேர்ந்து வர்றப்ப மீன் ஏதும் வாங்கிட்டு வரலையா?” என்பாள். நானும் சிரிப்பேன். பிறகு அவளுக்கு வலி வர ஆரம்பித்தது.

பித்தப்பையில் கல். முன்பே தெரிந்ததுதான். ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். முதல் தடவை எனக்கு வருடக் கடைசி ரீடிங். இரண்டாவது தடவை, வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன், அந்த நிலவறைப் பயிற்சி நாள். “உங்க வேலை கெடக்கூடாதுங்க, எனக்கென்ன, தாங்கிக்குவேன்,” என்று அவளே தேதியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பை வீங்கியிருக்கு. இனிமே தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல. வியாழக்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. கூட ஒரு ஆள் அஞ்சு நாள் இருக்கணும்,” என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு நான்தான், எனக்கு அவள்தான். வேறு ஆளுக்கு எங்கே போவது?

வியாழனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஐந்து நாள் விடுப்பு வாங்கப் பன்னிரண்டு நாள் போதாதா என்று நினைத்தேன்.

விடுப்புப் பிரிவில் இருந்த எழுத்தர் அம்மா நல்ல மாதிரி. இருபது வருடமாகத் தெரியும். விண்ணப்பத்தை வாங்கினார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு லீவு குடுக்க முடியாதேப்பா.”

“ஏம்மா? லீவு நிறைய மிச்சம் இருக்கே.”

“அது இருக்கு. லீவுங்கறது வேலைக்கு வர்றவங்க வராம இருக்கறதுக்கு. நீங்கதான் பயிற்சிக்கு மறுநாள்லேர்ந்து வரவே இல்லையே.”

“இதோ உங்க முன்னாடி நிக்கறேனே!”

“நான் பாக்கறேன். கம்ப்யூட்டர் பாக்கணுமே.”

“நான் எடுத்த ரீடிங் எல்லாம் தினமும் ஏறியிருக்கே, பாருங்கம்மா. அறுபது வீடு, அறுபது வீடா ஏறியிருக்கு.”

அவர் பார்த்தார். இருந்தது. “ரீடிங் வந்திருக்கு,” என்று பொறுமையாக ஒப்புக்கொண்டார். “நீங்க வரல.”

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. ஆனால் அவரிடம் கத்தி என்ன பிரயோசனம்? அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். “கீழ்த்தளத்துக்குப் போய் போனைச் சரி பண்ணிட்டு வாங்க. ஒரே ஒரு நாள், ஒரு நிமிஷம், நீங்க உங்க தெருவுல இருக்கறதாக் காட்டினாப் போதும். அடுத்த நிமிஷமே லீவு போட்டுத் தர்றேன்.”

கீழ்த்தளத்துக்குப் போனேன். இருப்பிட உதவிப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. குழல் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடியில் கண்காணிப்பாளர், இந்தக் கோடியில் திருப்புளி, நடுவில் யாரும் உட்காராத பன்னிரண்டு மேஜைகள். திருப்புளி என் போனைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

“மூணு நிமிஷ வேலைண்ணே. சர்வர் முகவரியைத் திரும்பப் போடணும், அந்த எண்ணை அழிக்கணும். பழைய போன் இல்லையா, முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும். வெட்டவெளியில கால் மணி நேரம் அசையாம நின்னீங்கன்னா பிடிச்சுக்கும். அப்புறம் பிரச்சினையே இல்ல.”

“அப்ப செஞ்சு குடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்.”

அவர் கண்ணால் அந்தக் கோடியைக் காட்டினார். கண்காணிப்பாளர் ஏற்கெனவே விதிப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

“ஒன்பதாம் விதி,” என்றார். “முதல் இருப்பிடம் பிடிபடறது பொறுப்பு அதிகாரி முன்னிலையிலதான் நடக்கணும். இல்லேன்னா ஆளாளுக்கு இஷ்டப்பட்ட இடத்துல இருந்துடுவீங்க.”

“அதுக்கென்ன சார், வாங்க, வாசலுக்குப் போவோம். கால் மணி நேரம்தானே.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்னக் குழந்தை நெருப்பைத் தொடப்போவதைப் பார்ப்பது போல் இருந்தது.

“நான் எப்படிங்க வெளியில வர முடியும்? என் வருகைப் பதிவும் இந்தத் திட்டத்துலதான் இருக்கு. இந்த நாற்காலிக்கு நாங்க தனியாக் கம்பி இழுத்து இடம் குறிச்சிருக்கோம். இருபது மீட்டர் தாண்டினா எனக்கு அரை நாள் போயிடும். அது பரவாயில்ல, தியாகம் பண்ணலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, இருப்பிடப் பிரிவோட தலைவரே தன் இருப்பிடத்துல இல்லன்னா ஊழியர்களுக்கு என்ன முன்னுதாரணம்? நான் இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் இந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்ல. நகர்றதுக்கு வேலையும் இல்ல.”

“அப்ப இங்கயே பிடிக்கட்டும் சார்.”

“இங்க வானம் இல்லண்ணே,” என்றார் திருப்புளி மெதுவாக.

“வானத்துக்கு எழுதியிருக்கோம்,” என்றார் கண்காணிப்பாளர்.

அவர் சொன்னது நிஜம். ஜன்னல் ஒன்று வைத்துத் தரும்படி கட்டடப் பிரிவுக்கு எழுதியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் வைத்தால் மண்தான் தெரியும் என்று அங்கிருந்து பதில் வந்திருந்தது. ‘மண்ணுக்கு மேல் என்ன இருக்கிறது என்பதையும் தெளிவுபடுத்தவும்’ என்று மறுபடி எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்பு நடந்துகொண்டிருந்தது. மொட்டை மாடிக்குப் போகலாமா என்று கேட்டேன். மொட்டை மாடிச் சாவி தொட்டிப் பிரிவிடம் இருந்தது. அவர்கள் மாடி ஏறும் ஒவ்வொருவரின் இருப்பிடச் சான்றையும் கேட்டார்கள். என் சான்றில் கடல் என்று இருந்தது. கடலில் இருப்பவரை மாடிக்கு அனுமதிக்க வழியில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் சும்மா விடவில்லை. அந்த போனே என் நடையையும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி. அதைக் காட்டினேன். “பாருங்க சார், கடல்ல எப்படி சார் பதினாலாயிரம் அடி நடப்பேன்?”

கண்காணிப்பாளர் வெகுநேரம் யோசித்தார். “பெரிய கப்பலா இருந்தா நடக்கலாம்,” என்றார்.

அவரைத் தப்பு சொல்லக்கூடாது, என் விஷயத்தில் அவர் நிறையவே பாடுபட்டார். அடுத்த இரண்டு நாளில் என் பெயருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. முதல் கடிதம், கடலில் வாரியத்தின் இணைப்பு எதுவும் இல்லாத நிலையில் அங்கே நான் என்ன பணி செய்கிறேன் என்று கேட்டது. இரண்டாவது, நீர் மேல் பணிபுரியும் ஊழியர்கள் பாதுகாப்பு விதிப்படி மிதவைச் சட்டை அணிய வேண்டும், மீறினால் நடவடிக்கை என்றது. மூன்றாவதில் சட்டையே வந்துவிட்டது. ஆரஞ்சு நிறம். முன்னால் மூன்று வார், கழுத்தில் ஒரு ஊதல்.

போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே வராதவன், இதில் விதியை மீறியவன் என்றும் பெயர் வாங்கினால் அந்த ஐந்து நாள் விடுப்பு கனவிலும் கிடைக்காது என்று பயம். கொளுத்துகிற வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எத்தனையோ வருடமாக என்னைக் கண்டு வாலாட்டிய நாய்களெல்லாம் குரைத்தன. ஒரு வீட்டு அம்மா நான் குழி மூடியைத் தூக்குவதை எட்ட நின்று பார்த்துவிட்டு, “எங்க வீட்டு மீட்டர் குழி அவ்வளவு ஆழமாங்க?” என்று கேட்டார். “தெரியலம்மா, ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க,” என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் குழந்தைகளை வாசலில் விளையாட விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மனைவி அந்தச் சட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாரைக் கையில் எடுத்துப் பார்த்து, “தையல் மட்டமா இருக்கு,” என்றாள். அப்புறம், “லீவு என்னாச்சுங்க?” என்றாள்.

“ஆகிடும்.”

“ஆகலன்னா சொல்லிடுங்க. அடுத்த மாசம் வெச்சுக்கலாம். எனக்கு இப்ப வலி அவ்வளவா இல்ல.”

அவள் ஒரு கையால் மிஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். எனக்கு வாரியத்தின் மேல் வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்த ஊதலைப் பிய்த்துப் போட்டேன். அதற்கும் மறுநாள் விளக்கம் கேட்டார்கள்.

திங்கட்கிழமை கண்காணிப்பாளரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முகத்தில் கவலை இருந்தது. என்னைப் பற்றி விசாரித்துக் கடலோரக் காவல் அலுவலகத்துக்கு அவர் ஒரு கடிதம் போட்டிருந்தாராம். அதற்குப் பதில் வந்திருந்தது. படித்துக் காட்டினார். ‘தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் எங்கள் ரோந்துப் படகு தேடியது. மேற்படி நபர் அங்கு காணப்படவில்லை.’

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா சார்! நான் கடல்ல இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க!”

“அதுதான் சிக்கல்,” என்றார் அவர். “இதுவரைக்கும் நீங்க தெருவுல இல்ல, கடல்ல இருந்தீங்க. உங்களுக்குன்னு ஒரு இடமாவது இருந்துச்சு. இப்ப தெருவுலயும் இல்ல, கடல்லயும் இல்ல. இப்படிப்பட்ட ஒரு நபரோட விண்ணப்பத்தை நான் எந்தக் கோப்புல வெப்பேன்? உங்க நல்லதுக்காகத்தான் எழுதினேன், இப்படி ஆகிடுச்சு.”

நான் அங்கிருந்த காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். “சார், வியாழக்கிழமை என் மனைவிக்கு ஆபரேஷன். உங்க காலைக்கூடப் பிடிக்கறேன். ஒரு கால் மணி நேரம் வாசலுக்கு வாங்க.”

“உங்க நிலைமை எனக்குப் புரியுது. எனக்கும் குடும்பம் இருக்கு. ஆனா ஒண்ணு நெனச்சுப் பாருங்க. இன்னைக்கு உங்களுக்காக நான் எழுந்தா, நாளைக்கு இன்னொருத்தருக்காக எழுந்திருக்கணும். அப்புறம் நான் உக்கார்றது எப்போ?”

புதன்கிழமை மத்தியானம் திருப்புளி என்னைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய நாற்காலியிலிருந்து சரியாகப் பதினெட்டு மீட்டர் தள்ளி அந்த இடம் இருந்தது. அளந்து வைத்திருந்தார். போனை வாங்கிக் கடவுச்சொல்லைப் போட்டு, தட்டித் தட்டி எதையோ அழித்தார், எதையோ எழுதினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“நான் ஒண்ணும் செய்யலண்ணே. நீங்களும் ஒண்ணும் பாக்கல. கால் மணி நேரம் வெளியில அசையாம நில்லுங்க. அவ்வளவுதான். இதைப் பத்து நாளைக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், பயந்துட்டேன்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

இனிமேல் வெட்டவெளியில் நிற்பதுதான் பாக்கி. சுலபம் என்றுதானே நினைப்பீர்கள்? அலுவலக வாசலில் நின்றேன். நான்காவது நிமிடம் காவலாளி வந்து, “இங்க நிக்கக் கூடாதுங்க,” என்றார். நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன். “அப்ப உள்ள போங்க,” என்றார். தெருமுனைக்குப் போய் நின்றேன். ஏழாவது நிமிடம் ஒரு லாரி பின்னாலேயே வந்து ஒதுங்க வைத்தது. அசைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மைதானத்தைக் கண்டுபிடித்து அதன் நடுவில் நின்றேன். பத்தாவது நிமிடம் போனே கத்த ஆரம்பித்துவிட்டது. ‘நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள். பணியைத் தொடரவும்.’ பத்து நிமிடம் அசையாமல் நின்றால் சோம்பல் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கைக்கு ஒரு மெமோ. அதுவும் அந்தப் பிரிவின் ஏற்பாடுதான். கால் மணி நேரம் நின்றால்தான் நான் இருக்கிறேன் என்று தெரியும், பத்து நிமிடம் நின்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதை வகுத்த புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். கையில் இன்னும் முப்பத்தெட்டு வீடு மிச்சம் இருந்தது. பழக்க தோஷம், கால் தானாக நடந்துவிட்டது. கடைசி வீட்டு மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது விடுப்புப் பிரிவைப் பூட்டும் நேரம் தாண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் பை எடுத்து வைத்திருந்தாள். ஆனால் பையை மூடவில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைக்கத் தயாராக நின்றாள்.

“லீவு கிடைச்சுதாங்க?”

“கிடைச்சுது,” என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் என்னைப் பார்த்து, “கூட வந்தவங்க இங்க நிக்கக் கூடாது. முத்தத்துல இருங்க. போனைச் சத்தமில்லாம வைங்க. கூப்பிட்டா உடனே வரணும், எங்கயும் போயிடாதீங்க,” என்றார். முற்றத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் இருந்தது, அதில் இடமில்லை. ஆபரேஷன் அறையின் கதவு தெரிகிற மாதிரி ஓர் இடம் பார்த்து நின்றேன். நின்றேன் என்றால் அப்படியே நின்றேன். தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் நிழலுக்கு வரச் சொன்னார், போகவில்லை. நகர்ந்தால் அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துவிடும் என்று பயம். சட்டைப் பையில் போன் அவ்வப்போது அதிர்ந்தது. அதிரட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் ஆனது.

பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். “நல்லபடியா முடிஞ்சுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பை உடைஞ்சிருக்கும். நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்க,” என்றார். கும்பிட்டேன். டாக்டர் போன பிறகுதான் கால் வலிப்பதே தெரிந்தது, அப்போதுதான் அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை யாரோ கூப்பிட்டார்கள். எடுத்தேன். கண்காணிப்பாளர்.

“நீங்க இப்ப ஆஸ்பத்திரி முத்தத்துல நிக்கறீங்க. வடக்குச் சுவத்துலேர்ந்து ஆறு மீட்டர். சரியா?”

திரும்பிப் பார்த்தேன். “சரிதான் சார்.”

“சரியா! தம்பி, சரியாம்!” என்று அவர் திருப்புளியிடம் கத்துவது கேட்டது. திரும்ப என்னிடம் வந்தபோது அவர் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. “நாலு மீட்டர் துல்லியம்! மூணு மணி நேரமா இம்மி நகரல. நம்ம திட்டத்தோட முதல் முழு வெற்றி நீங்கதான். ஒரு ஊழியர் வேலைக்கு வராம இருக்கறதை இவ்வளவு கச்சிதமா இதுவரைக்கும் எந்த வாரியமும் கண்டுபிடிச்சிருக்காது. மேலிடத்துக்கு இப்பவே அறிக்கை அனுப்பறேன்.”

“சார், என் மனைவிக்கு ஆபரேஷன் சார். சொன்னேனே.”

“தெரியுது, தெரியுது. கட்டடத்தோட பேரே திரையில வருது.”

“அப்ப நான் தினமும் அறுபது வீடு ஏறி இறங்கினேனே, அந்த நாளெல்லாம்?”

“அது கடல். அதுக்குச் சாட்சி இல்ல, அந்தக் கோப்பை மூடிட்டேன். இது உறுதியான இடம். உறுதியான இடத்துல இருக்கறவர் மேலதான் நடவடிக்கை எடுக்க முடியும். இத்தனை நாளா உங்க விஷயத்துல என் கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத்தான் அவிழ்ந்துது.” ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. “அனுமதியில்லாம பணியிடத்தை விட்டு விலகியிருக்கீங்க. விசாரணை முடியற வரைக்கும் தற்காலிகப் பணிநீக்கம். உத்தரவு வரும். அதுவரைக்கும் நீங்க வேலைக்கு வர வேண்டாம்.”

“எத்தனை நாள் சார்?”

“அது எப்படிச் சொல்ல முடியும்? நேர்ல வந்து விசாரிக்கணும். விசாரணை அதிகாரி நான்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாதே,” என்று சொல்லி, ‘நல்லாப் பாத்துக்குங்க வீட்டுல’ என்றும் சேர்த்துவிட்டு வைத்தார்.

இருபத்திரண்டு வருட வேலை. முற்றத்தில் அப்படியே நின்றேன். சிரிப்பதா, அந்த போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து, “முழிச்சுட்டாங்க, வாங்க,” என்று கூப்பிட்டார். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவள் உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

“இங்கதான் இருந்தீங்களா?”

“இங்கதான்.”

“எத்தனை நாள் லீவு குடுத்தாங்க?”

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். அவள் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துக்கச் சொல்லிட்டாங்க. பெரிய அதிகாரியே போன் பண்ணி விசாரிச்சாரு,” என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் கையை லேசாக அழுத்தினாள்.

“பாத்தீங்களா, நல்லவங்கதான். நீங்கதான் பாவம் அவங்களைச் சும்மா சும்மா திட்டிக்கிட்டே இருந்தீங்க,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.